மரத்திற்கு வைத்தியம்



நமக்கு ஒரு நோய் வந்தால் வைத்தியரைத் தேடுகிறோம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் வந்தால் கால்நடை வைத்தியரைத் தேடுகிறோம். பள்ளி வாசலில் தலைமுறை தலைமுறையாக நிழல் தந்த மரத்திற்கு நோய் வந்தால் எதைத் தேடுகிறோம்? பெரும்பாலும் கோடரியைத்தான் தேடுகிறோம். ஆயினும், மரத்தை வீழ்த்தாமல், அதன்மேல் ஏறி, பழுதுற்ற பகுதியை மட்டும் நீக்கி, அதனை வாழவைக்கும் தொழில் ஒன்று உலகில் உண்டு. மர அறுவை வைத்தியம் என்று அதனைக் கூறலாம். அத்தொழில் வளர்ந்த கதையையே இன்று சொல்லப் புகுகின்றேன். அது வெற்றிகளின் வரலாறு மட்டுமன்று. நல்லெண்ணத்தோடு செய்த தவறுகளின் வரலாறுமாகும். அத்தவறுகளில் ஒன்றை நானே செய்தவன். ஆதலால் அங்கிருந்தே தொடங்குகின்றேன்.

2001ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியின் முற்றத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் நின்றது. புயற்காற்றில் அதன் கிளையொன்று முறிந்து தொங்கிற்று. அடிமரத்தில் பழைய பொந்து ஒன்றும் இருந்தது. மரம் வெட்டும் முதியவர் ஒருவரை அழைத்தோம். வந்தவர் உடனே ஏறிவிடவில்லை. மரத்தை இருமுறை சுற்றி வந்து அண்ணாந்து பார்த்தார். அருகில் ஓடிய கம்பியில் மின்சாரத்தை நிறுத்தினாலன்றி ஏறமாட்டேன் என்றார். மாணவர்களையெல்லாம் தொலைவில் நிற்கச் சொன்னார். இடுப்பில் வடம் கட்டிக்கொண்டார். கீழே துணைக்குத் தம் மகனை நிறுத்தினார். எனக்கோ பொறுமை போய்விட்டது.

ஏறியபின் அவர் மேலிருந்து, "ஐயா, கிளை தண்டோடு சேருமிடத்தில் மோதிரம்போல ஒரு புடைப்பு இருக்கிறது. அதை விட்டு வெட்டுகிறேன், மரம் தானே மூடிக்கொள்ளும்" என்றார். "வேண்டாம் பெரியவரே, தண்டோடு ஒட்டி வழுவழுப்பாக வெட்டுங்கள், அப்போதுதான் பார்வைக்கு நன்றாக இருக்கும்" என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. நான் சொன்னபடியே வெட்டினார். மறுநாள் கொத்தனாரை வரவழைத்தேன். அவர் பொந்தில் இருந்த அழுகலை உளியால் சுரண்டி, நல்ல கட்டை தெரியும்வரை குடைந்து, செங்கல்லும் சிமெண்டும் இட்டு அடைத்தார். வெட்டுவாயில் தார் பூசினோம். மரத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று காலை வணக்கக் கூட்டத்தில் பெருமையோடு பேசினேன்.

நான் செய்தது என் சொந்தக் கற்பனையன்று. இருநூறு ஆண்டுப் பழக்கம் ஒன்று எனக்குப் பின்னால் நின்றது. அதன் கதையைக் கேளுங்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வலிமை கடற்படையில் இருந்தது. கடற்படையின் வலிமை ஓக் மரத்தில் இருந்தது. உள்ளே சொத்தை விழுந்த மரம் கப்பலுக்கு உதவாது. அந்நிலையில், மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் தோட்டங்களை மேற்பார்த்துவந்த வில்லியம் ஃபோர்சைத் என்பவர், மரக்காயத்திற்குத் தாம் ஒரு மருந்துச் சாந்து கண்டதாக அறிவித்தார். அதைக் குறித்து 1791இல் நூலும் வெளியிட்டார். அச்சாந்தில் என்ன இருந்தது தெரியுமா? புதிய சாணம் ஒரு பங்கு, பழைய கட்டடத்துச் சுண்ணாம்புக் காரை அரைப் பங்கு, மரச் சாம்பல் அரைப் பங்கு, சிறிது மணல். நம் வீட்டுத் திண்ணைக்கு வேண்டிய சரக்கைப் போலத் தோன்றுகிறதன்றோ? அந்நாட்டு நாடாளுமன்றம் இதற்காக அவருக்கு 1,500 பவுன் மானியம் அளித்தது. தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்னும் தோட்டக்கலை ஆராய்ச்சியாளர் ஒருவர் மட்டும், இச்சாந்து மெய்யாகவே பயன் தருமா என்று ஐயுற்று 1802இல் ஒரு சிறு நூல் எழுதினார். அரசாங்கமே ஏற்றுக்கொண்ட ஒன்றை ஐயுறத் துணிவு வேண்டும். ஆனால், காயத்திற்கு மருந்து பூசும் ஆசை அவரோடு அடங்கிவிடவில்லை. சாணம் போய்த் தார் வந்தது, வண்ணம் வந்தது, பூசும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

அடுத்த கட்டம் அமெரிக்காவில் நிகழ்ந்தது. ஜான் டேவி என்பவர் 1846இல் இங்கிலாந்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். வாலிபப் பருவத்தில்தான் எழுத்தறிந்தார். அமெரிக்கா சென்று ஒஹையோ மாநிலத்தின் கென்ட் என்னும் ஊரில் குடியேறினார். மரங்களை மக்கள் மனம்போனபடி வெட்டுவதைக் கண்டு வருந்தி, 1901இல் 'மர வைத்தியர்' என்று பொருள்படும் பெயரில் படங்களோடு கூடிய நூல் ஒன்றை வெளியிட்டார். பிறகு மர வைத்தியத்திற்கென ஒரு நிறுவனமும், ஆட்களைப் பழக்க ஒரு பயிற்சிப் பள்ளியும் தோன்றின. கூலி வேலையாகக் கிடந்ததைக் கற்றுத் தேறவேண்டிய தொழிலாக உயர்த்திய பெருமை அவருக்கு உண்டு. அவர் காலத்து மர வைத்தியர்கள், பல் வைத்தியர் சொத்தைப் பல்லைக் குடைந்து அடைப்பதைப் போல, மரப் பொந்தைக் குடைந்து சிமெண்டால் அடைத்தார்கள். என் பள்ளிக் கொத்தனார் செய்ததும் அதுவே.

இவ்வழக்கம் சரிதானா என்று மரத்தையே கேட்டறிந்தவர் அலெக்ஸ் ஷைகோ. இவர் 1930இல் பிறந்தவர். 1959இல் அமெரிக்க வனத்துறையில் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்தார். அதற்கு முன்பே, ராபர்ட் ஹார்ட்டிக் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1870களில் மரம் அழுகுவதற்குப் பூஞ்சணமே காரணம் என நிறுவியிருந்தார். ஆயினும் அழுகல் மரத்திற்குள் எவ்வழியாகப் பரவுகிறது, எங்கே நிற்கிறது என்பது தெளிவாகவில்லை. மரத்தைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் ஒரு வட்டந்தான் தெரியும். அப்போது ஒருவரே கையாளத்தக்க சங்கிலி ரம்பம் வந்துவிட்டது. ஷைகோ அதைக்கொண்டு ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாட்டில் பிளந்து பார்த்தார்.

அவர் கண்டது யாது? மரம் நம் உடம்பைப் போலப் புண்ணை ஆற்றிக்கொள்வதில்லை. கெட்டுப்போன கட்டை மீண்டும் நல்ல கட்டையாவதில்லை. அதற்குப் பதிலாக, மரம் ஒரு கோட்டை மன்னனைப் போல, பகைவன் புகுந்த பகுதியைச் சுற்றி மதில் எழுப்பி அவனை அங்கேயே அடைத்துவிடுகிறது. மதில்கள் நான்கு. மேலும் கீழும் பரவாமல் தடுப்பது முதலாவது. அதுவே மிக நலிந்தது. உள்நோக்கிச் செல்லாமல் தடுப்பது இரண்டாவது. பக்கவாட்டில் பரவாமல் தடுப்பது மூன்றாவது. காயம்பட்ட பிறகு புதிதாக வளரும் கட்டைக்கும் பழைய கட்டைக்கும் நடுவே எழுவது நான்காவது; அதுவே மிக உறுதியானது. இக்கருத்தை அவர் விரிவாக எழுதிய நூல் 1977இல் வெளிவந்தது.

இதன் விளைவைச் சிந்தியுங்கள். பொந்தை நல்ல கட்டை தெரியும்வரை குடைந்தால், மரம் எழுப்பிய மதிலை நாமே இடித்துப் பகைவனுக்கு வழிவிட்டவராவோம். பூசிய தாரோ அழுகலைத் தடுப்பதில்லை. கிளை பிறக்கும் இடத்தில் உள்ள புடைப்பைக் கிளைக் கழுத்து எனலாம். காயத்தை அடைக்கும் ஆற்றல் அங்கேதான் இருக்கிறது. தண்டோடு ஒட்டி வெட்டினால் அந்தக் கழுத்தே போய்விடுகிறது, காயமும் பெரிதாகிறது. முதியவர் காட்டிய மோதிரம் அதுவே என்பதைப் பின்னாளில் ஷைகோவைப் பற்றிப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

அதற்குள் காலம் கடந்துவிட்டது. 2009ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவில் அம்மரம் விழுந்தது. மறுநாளாக இருந்திருந்தால், பகலுணவு வேளையாக இருந்திருந்தால், அதன் கீழே நூறு குழந்தைகள் அமர்ந்திருப்பார்கள். அதை நினைக்கும்போது இன்றும் என் கை நடுங்குகிறது. அடிமரம் பொந்தின் மட்டத்தில் முறிந்திருந்தது. சிமெண்டுக் கட்டி மட்டும் முழுதாக இருந்தது. அதைச் சுற்றிலும் ஈரமும் அழுகலுமாக இருந்தன. துண்டு போட வந்தவர் அதே முதியவர். மகனும் கூட வந்திருந்தார். அவர் சிமெண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஏதேனும் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு அருகில் இருந்த வேப்பமரத்தைக் காட்டினார். முன்பு என் கண் படாதபோது கழுத்தை விட்டு அவர் வெட்டிய இடம் அது. சுற்றிலும் புதுப்பட்டை உதடுபோல வளர்ந்து, காயம் ஏறத்தாழ முழுதும் மூடியிருந்தது.

கனத்த கிளையை ஒரே வெட்டில் வெட்டலாகாது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். முதலில் தண்டிலிருந்து ஏறத்தாழ ஓர் அடி தள்ளிக் கிளையின் அடிப்பக்கத்தில் கீழிருந்து மேலாகச் சிறிது வெட்டவேண்டும். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து வெட்டிக் கிளையை விழச் செய்யவேண்டும். அடிவெட்டு இருப்பதால், விழும் கிளை தண்டின் பட்டையை உரித்துக்கொண்டு போகாது. எஞ்சிய முளையை மூன்றாம் வெட்டாகக் கழுத்துக்கு வெளியே நீக்கவேண்டும். மூன்று வெட்டுக்குப் பிடிக்கும் நேரம் சில நிமிடங்கள்; அது மரத்திற்குத் தரும் ஆயுளோ பல்லாண்டு.

மரத்தின் உயிரைப் பற்றிப் பேசினோம். மரத்தில் ஏறுபவர் உயிர் அதனினும் பெரிதன்றோ? ஷைகோவுக்கு மரத்தின் உள்ளத்தைத் திறந்துகாட்டிய அதே சங்கிலி ரம்பம், நுனி எதிலேனும் பட்டால் பிடித்தவர்மேலேயே துள்ளிப் பாயும். பட்ட கிளை காலடியில் முறியும். ஈரக்கிளை மின்சாரத்தைக் கடத்தும். மரவேலையில் மகனைப் பறிகொடுத்த ஓர் அமெரிக்கத் தாய், இவ்வேலைக்குப் பாதுகாப்பு விதிகள் வேண்டும் என்று 1968இல் தனியொருவராகக் கிளம்பி அரசு அலுவலகங்களையும் சங்கங்களையும் முறையிட்டு அசைத்தார். அதன் பயனாக 1972இல் அந்நாட்டில் மரவேலைக்கான தேசியப் பாதுகாப்பு நெறி பிறந்தது. ஒரு தாயின் கண்ணீரிலிருந்து பிறந்த நெறி அது.

அந்நெறி இன்று கூறுவன யாவை? ஏறுமுன் மரத்தையும் சுற்றுப்புறத்தையும் ஆராய்ந்து பார். மேலே இருக்கும்வரை கயிற்றால் பிணைப்புண்டிரு. சங்கிலி ரம்பத்தை மேலே இயக்கும்போது இரண்டு பிணைப்பு வைத்துக்கொள். தலைக்கவசமும் கண்காப்பும் அணி. கூப்பிட்டால் கேட்கும் தொலைவில் துணையாள் இருக்கட்டும். கிளை விழும் இடத்தில் எவரும் நிற்கலாகாது. மின்கம்பி வேலையில் தனிப்பயிற்சி பெறாதவர் கம்பிக்கு 10 அடிக்குள் நெருங்கலாகாது. இவற்றைப் படித்தபோது நான் தலைகுனிந்தேன். 2001இல் அந்த முதியவர் மரத்தைச் சுற்றி வந்ததும், மின்சாரத்தை நிறுத்தச் சொன்னதும், குழந்தைகளை விலக்கியதும், மகனைத் துணை நிறுத்தியதும் எல்லாம் இவையே. அவற்றை நான் காலதாமதம் என்று எண்ணினேன்.

ஃபோர்சைத்தும் டேவியும் மரத்தை நேசித்தவர்கள். நானும் நேசித்தேன். நேசம் மட்டும் போதாது. நாம் தரும் மருந்து மெய்யாகவே உதவுகிறதா என்று பொருளைத் திறந்து பார்க்கும் நேர்மையும், வேலை செய்பவர் சொல்வதைக் கேட்கும் பணிவும் வேண்டும். அதிகாரத்தில் இருப்பவருக்கு அவை மிகுதியாக வேண்டும்.

நாளைக்கு நீங்கள் பள்ளிக்குச் செல்லும்போது, வாசலில் நிற்கும் மரத்தின் கிளையொன்றை நோக்குங்கள். அது தண்டோடு சேருமிடத்தில் அந்தக் கழுத்து தெரிகிறதா என்று பாருங்கள். யாரேனும் அதை வெட்ட வந்தால், தள்ளி நின்றுகொண்டு, பணிவோடு ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் தலைமையாசிரியர் என்னைவிட நல்லவராக இருப்பார், கேட்டுக்கொள்வார்.