நீலக்கல் தோற்ற இடம்

பொன்னுக்காகப் பாறையைப் பிளந்த ஊரிகத்தில் இன்று பொறியியல் கல்லூரி உள்ளது. அங்குப் பயிலும் மாணவர் இதய அறுவையைக் காணச் சென்றால், முன்னதாக அறிய வேண்டியது திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் வரலாறு.

ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு பழுதுற்ற ஏழைகளுக்கு அயல்நாட்டு வால்வு எட்டாப் பொருளாயிருந்தது. அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தான் பொறியாளர்களுடன் சேர்ந்து உள்நாட்டு வால்வை உருவாக்க முற்பட்டார். வால்வு ஆண்டுக்கு மூன்றரைக் கோடி முறைக்கு மேல் திறந்து மூட வேண்டும். ஆதலால் மிகக் கடினமான செயற்கை நீலக்கல்லாலும் வட்டு செய்து பார்த்தனர். முதல் மூன்று வடிவங்களும் தோற்றன.

நான்காவதில் மென்மையான பாலிஎத்திலீன் வட்டு நிலைத்தது. 1990 டிசம்பர் 6 அன்று அவ்வால்வு முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. கடினமானதே நெடுநாள் உழைக்கும் என்னும் கணிப்பை இதயம் திருத்தி எழுதியது.