அணையைச் சுருக்கும் கணக்கு

எங்கள் மூலனூர் வட்டாரம் மழை குறைந்த மேட்டு நிலம். தாராபுரத்தை ஒட்டி ஓடும் அமராவதியை நம்பி வாழும் வயல்கள் பல. அந்த ஆற்றின் குறுக்கே, உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, 1950-களில் ஓர் அணை எழுந்தது. அதன் முழு நீர்மட்டம் 90 அடி. கொள்ளளவு ஏறத்தாழ 4 டி.எம்.சி., அதாவது 400 கோடி கன அடி. இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு நான் பல ஆண்டுகள் கணிதப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

அணையை நூற்றில் ஒரு பங்காகச் சுருக்கி வரையுங்கள். பின்னர் அதே அளவில் களிமண்ணால் மாதிரி செய்யுங்கள் என்பேன். வரைபடம் விரைவில் முடிந்துவிடும். 90 அடி ஏறக்குறைய 11 அங்குலமாகும். "இதில் தேக்க எவ்வளவு நீர் வேண்டும்?" என்று கேட்டால், "நான்கு கோடி கன அடி" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் விடை வரும். முழங்காலுக்கும் எட்டாத அணைக்குப் பின்னால் நான்கு கோடி கன அடியா! நீளம், அகலம், ஆழம் ஆகிய மூன்றும் தனித்தனியே நூறு மடங்கு குறைகின்றன அல்லவா? ஆகவே நீர் பத்து லட்சம் மடங்கு குறையும். 4,000 கன அடி போதும். 20 அடிச் சதுரமான அறையில் பத்தடி உயரம் நிற்கும் நீர் அவ்வளவே. தாளில் வரைவதோடு நின்றவனுக்கு இந்த ஐயம் எழுவதில்லை. வாளியைத் தூக்கியவனுக்கே எழும்.

ஓடும் நீரின் கணக்கு இதனினும் விந்தையானது. அதனைத் தெளிவாக்கியவர் வில்லியம் ஃப்ரூட் என்னும் ஆங்கிலப் பொறியாளர். சிறு மாதிரியைக் கொண்டு பெருங்கப்பலின் இயல்பை அறியலாம் என்பதை அக்காலத்து வல்லுநர் பலர் ஏற்கவில்லை. ஃப்ரூட் வாதத்தை வளர்க்கவில்லை. 1871-இல் கிரேஹவுண்டு என்னும் மெய்யான கப்பலையே கடலில் இழுத்துப் பார்த்து, மாதிரியின் கணக்கோடு ஒப்பிட்டார். அடுத்த ஆண்டு டார்க்கி நகரில் அவருடைய ஆய்வுத் தொட்டி இயங்கத் தொடங்கிற்று. அவருடைய விதிப்படி, நீளம் நூறு மடங்கு குறைந்தால் வேகம் அதன் வர்க்கமூலமான பத்து மடங்கே குறையும். காலமும் அவ்வாறே, ஒரு மணி நேர வெள்ளம் மாதிரியில் ஆறு நிமிடத்தில் கடந்துவிடும். வினாடிக்கு ஒரு லட்சம் கன அடி வெள்ளத்தைக் காட்ட ஒரே ஒரு கன அடி போதும்.

இந்தக் கணக்கை நம்பித்தான் நம் மாநிலத்தில், திருவள்ளூர்ப் பக்கம் பூண்டியில், 1944-இல் நீரியல் ஆய்வு நிலையம் தோன்றியது. அணையின் கலிங்கு வழியே பாயும் வெள்ளம் அடிவாரத்தில் குழி பறிக்கும். குழி அடித்தளம் வரை சென்றுவிட்டால் அணைக்கு ஆபத்து. கீழே ஆற்றங்கரை ஊர்கள் இருக்கின்றன. ஆகவே மாதிரியின் அடியில் மணல் பரப்பி, வெள்ளத்தை விட்டு, வடித்தபின் குழியை அளக்கிறார்கள். தளத்தின் அமைப்பை மாற்றி மீண்டும் விடுகிறார்கள். மாதிரியை இடித்துக் கட்ட ஒரு சுத்தியல் போதும். மெய்யான அணையில் அது நடக்குமா?

ஆனால் மணலை மட்டும் அளவுப்படி சுருக்க இயலாது. நூறு மடங்கு நுண்ணியதாக்கினால் அது மணலாக இராது. வண்டல் தூளாகி வேறு விதமாக நடந்துகொள்ளும். எனவே குழி விழும் இடத்தை மாதிரி நன்றாகக் காட்டினாலும், அதன் ஆழத்தைப் பொறியாளர் தம் பட்டறிவையும் சேர்த்தே மதிப்பிட வேண்டியிருக்கிறது.