14-4-1944: ஒரே நாள்

போர்க்காலச் செய்திகளைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்ப்பது என் பழக்கம். 1944 ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை. பம்பாய் விக்டோரியா டாக்கில் ‘ஃபோர்ட் ஸ்டிக்கைன்’ கப்பல். உள்ளே சுமார் 1,400 டன் வெடிபொருள், தங்கக் கட்டிகள். கராச்சியில் ஏற்றிய பஞ்சுப் பொதிகள் வேறு. பஞ்சையும் வெடிமருந்தையும் சேர்த்து அடுக்குவானா ஒரு வியாபாரி? போர் அவசரம் அடுக்க வைத்தது. மாலை 4.06க்கு வெடித்தது, அரைமணிக்குள் மறுபடியும். தீயணைக்கப் போனவர்களில் 66 பேர் மாண்டார்கள்.

அதே நாள் மணிப்பூர் மொய்ராங்கில் கர்னல் சௌகத் மாலிக் இந்திய தேசிய ராணுவக் கொடியை ஏற்றினார். அந்தப் படையில் மலேயாத் தமிழர்கள் ஏராளம். பக்கத்தில் கொஹிமா முற்றுகை. தூரத்தில் கிரைமியாவில் செஞ்சேனை செவஸ்தபோலை நெருங்கிக்கொண்டிருந்தது.

பம்பாய் டாக்கைத் தூர்வாரும்போது தங்கக் கட்டி பின்னாளிலும் கிடைத்தது. செத்தவர் கணக்கை மட்டும் 800, 1,300 என்று இன்னமும் மாற்றி மாற்றித்தான் சொல்கிறார்கள்.