தராசு மட்டும் போதுமா?

போல் பைதன் பெண் 1500 கிராம் வந்தால் இணை சேர்க்கலாம் எண்டு பொரளையில் ஒரு நண்பர் எங்களுக்குச் சொன்னார். அது வளர்ப்பவர்களின் கணக்கு. அள்ளி அள்ளி ஊட்டினால், மூன்று வயசுக்கு முதலே அந்த எடை வந்திடும்.

வரலாறு வேறொன்றைக் கேக்குது. தாய் மலைப்பாம்பு தன் உடற்சூட்டில் அடைகாக்கும் எண்டு இந்தியாவில் கண்டதை லமார்-பிக்கோ சொல்ல, பாரிஸ் அறிஞர்கள் நம்பவில்லை. 1841இல் பாரிசிலேயே ஒரு மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றிக் கிடந்தது. வலென்சியன் வெப்பமானி வைத்துப் பார்த்தார், சூடு உண்மைதான். கிட்டத்தட்ட இரண்டு மாதம் அது இரை எடுக்கவில்லை.

போல் பைதன் தாயும் அப்படித்தான் பட்டினி கிடக்கும். தராசில் ஏத்துறது லேசு. முட்டையிட்டு மெலிந்த பிறகும் அந்தப் பட்டினியைத் தாங்குமா? அதை நாங்கள்தான் முதலில் யோசிக்க வேணும்.