இரும்பின் மௌனம்: உலோகங்காண் கருவியின் பாகுபாட்டு முறையும் வரலாற்றுச் சான்றும்

கருவிகளின் வரலாற்றை ஆராய்வோர் அவை எச்சமூகத் தேவையின் பொருட்டுத் தோன்றின என்று கூறுவதோடு அமைந்துவிடுதல் போதாது. அத்தேவை கருவியின் உள்ளமைப்பிலேயே எவ்வாறு பதிந்து கிடக்கின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். இந்நோக்குக்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு உலோகங்காண் கருவியாகும். அதன் கைப்பிடியருகே உள்ள ஒரு சிறு குமிழைத் திருகுவதன் மூலம், நிலத்தின் கீழுள்ள உலோகங்களுள் எவற்றுக்குக் கருவி ஒலியெழுப்ப வேண்டும், எவற்றைக் கண்டும் காணாதது போல் இருக்க வேண்டும் என்பதைத் தேடுபவர் தீர்மானிக்கலாம். இதனைப் பாகுபாடு என்பர். மனிதரைத் தாழ்த்தி ஒதுக்குவதைக் குறிக்கும் சொல்லும் அதுவே. ஆங்கிலத்திலும் நிலைமை இதுதான். சொல்லொற்றுமையை வைத்து வாதம் செய்வது ஆய்வு நெறியாகாது. எனினும் இக்குமிழின் வரலாறு நம்மை அவ்வழியே இட்டுச் செல்கின்றது என்பதை மறைப்பதற்கில்லை.

பாகுபடுத்த இயலாமையே இக்கருவியின் தொடக்ககால இடர்ப்பாடாக இருந்தது. 1881 யூலை 2ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதி கார்பீல்ட் சுடப்பட்டார். அவர் உடலிற் புதைந்த குண்டைக் கண்டறியத் தொலைபேசியைக் கண்ட அலெக்சாண்டர் கிரகம் பெல், மின்தூண்டற் சமநிலை என்னும் தத்துவத்தில் அமைந்த ஒரு கருவியைக் கொண்டு முயன்றார். முயற்சி தோற்றது. நோயாளி கிடந்த படுக்கையில் உருக்குக் கம்பிகள் இருந்தமை பெல்லுக்குப் பின்னரே தெரியவந்தது. குண்டையும் கட்டிலையும் கருவி ஒன்றாகவே கேட்டது. கார்பீல்ட் செப்டெம்பர் 19ஆம் திகதி இறந்தார்.

இரண்டாம் உலகப்போரில் இக்குறை ஒரு குறையாகவே கருதப்படவில்லை. போலந்து அதிகாரியான யோசெப் கொசாக்கி ஸ்கொத்லாந்தில் இருந்தபோது உருவாக்கிய கண்ணிவெடிகாண் கருவி 1942 ஒக்டோபரில் எல் அலமெய்ன் போரிற் பெருந்தொகையாகப் பயன்பட்டது. (அதற்கு அவர் உரிமக்காப்புப் பெறவில்லை, பின்னாளில் இக்கருவிகளை விற்றுச் செல்வம் ஈட்டிய நிறுவனங்களோடு ஒப்பிட்டு நோக்க வேண்டிய செய்தி இது.) கண்ணிவெடி தேடும் போர்வீரனுக்கு ஆணிக்கும் வெடிக்கும் வேறுபாடு காட்டும் கருவி தேவைப்படவில்லை. ஐயத்துக்குரிய எவ்வொலியும் அவனுக்குச் செய்தியே.

போர் முடிந்தபின் எஞ்சிய கருவிகள் சந்தைக்கு வந்தன. நாணயமும் நகையும் தேடுவோர் அவற்றை வாங்கினர். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இது ஒரு பொழுதுபோக்காகவும், பின் ஒரு தொழிற்றுறையாகவும் வளர்ந்தது. தேடுபவரின் நோக்கம் மாறவே கருவியின் 'குறை'யும் புதிதாகப் பிறந்தது எனலாம். ஒரு மணிநேரம் தோண்டி இருபது ஆணிகளைப் பெறுபவர் அடுத்த கருவியை வாங்கமாட்டார். எழுபதுகளில் அமெரிக்க, பிரித்தானிய நிறுவனங்கள் போட்டியிட்டுக்கொண்டு பாகுபாட்டுக் குமிழைச் செம்மைப்படுத்தியது இந்நிலையிலேயே.

அதன் செயன்முறையைச் சுருக்கமாகவேனும் விளக்குதல் அவசியம். கருவியின் சுருள் மாறும் காந்தப்புலமொன்றை நிலத்துட் செலுத்துகின்றது. அது தீண்டும் உலோகத்திற் சுழிப்பு மின்னோட்டங்கள் எழுகின்றன. அவை தமக்குரிய புலத்தைச் சற்றுத் தாமதித்துத் திருப்பியனுப்புகின்றன. இத்தாமதத்தின் அளவு உலோகத்தின் கடத்துதிறன், பருமன், வடிவம் ஆகியவற்றுக்கேற்ப வேறுபடும். இரும்பிலோ அதன் காந்தத் தன்மையும் சேர்ந்து தனியான குறியொன்றைத் தரும். ஆகவே உலோகங்களை ஒரு படிவரிசையில் நிறுத்த முடிகின்றது. அடியில் இரும்பாணி; அதன்மேல் மெல்லிய அலுமினியத் தாள்; பின்னர் பானப் பேணிகளின் இழுவளையம்; உச்சியிற் செம்பும் வெள்ளியும். குமிழை எவ்வளவு உயர்த்துகின்றோமோ அதற்குக் கீழ்ப்பட்டவை யாவும் மௌனமாகின்றன.

இப்படிவரிசை விலைப்பட்டியலோடு முற்றாகப் பொருந்துவதில்லை என்பதே சுவையான செய்தி. சிறிய பொன் மோதிரம் அலுமினியத் தாளோடும் இழுவளையத்தோடும் ஒரே படியில் நிற்கின்றது. குப்பையை முற்றாக ஒதுக்குபவர் பொன்னையும் ஒதுக்குகின்றார். பெரிய இரும்புத் தகடோ சிலவேளை வெள்ளியின் குரலிற் பேசி ஏமாற்றுகின்றது. மேலும், ஆணியொன்றின் அருகே நாணயம் கிடப்பின், ஆணியை மௌனிக்கச் செய்யும் கருவி நாணயத்தையும் சேர்த்து மறைத்துவிடுவதுண்டு. அனுபவமுள்ள தேடுவோர் இதனை நன்கறிவர். குமிழை இயன்றவரை தாழ்த்தியே வைத்திருக்குமாறு புதியவர்க்குக் கூறுவர். அதாவது, இயற்பியல் விலையை அறியாது. விலையை அறிந்த சமூகம் இயற்பியலின்மீது தன் கோட்டைக் கீறுகின்றது. கோடு கோணலாகவே விழுகின்றது.

இக்கோட்டிற்குக் கீழே அமிழ்ந்தவற்றுள் முதலாவது இரும்பு. இங்கு கோர்டன் சைல்ட் 1942இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டிய கருத்து நினைவுகூரத்தக்கது. வெண்கலம் அரிதாகையால் ஆளுவோர் கையில் அடங்கிக் கிடந்தது. மலிவான இரும்போ உழவையும் தொழிலையும் போரையும் சாதாரண மனிதனுக்குத் திறந்துவிட்டது என்பது அவர் கூற்றின் சாரம். கொழுவும் கோடரியும் ஆணியும் இலாடமும் உழைப்போரின் எச்சங்கள். தென்னிந்தியாவினதும் ஈழத்தினதும் பெருங்கற்காலப் பண்பாட்டை இரும்பை நீக்கிவிட்டு எழுத முடியுமா? எழுபதுகளின் குமிழோ அதைத்தான் முதலில் நீக்கியது.

குமிழுக்கு மட்டும் இப்பார்வை உரியதன்று. இங்கிலாந்தின் சட்டமும் அவ்வாறே பாகுபடுத்தியது. பழைய புதையற் சட்டம் பொன், வெள்ளியையே முடிக்குரியதாகக் கருதியது. 1996ஆம் ஆண்டுப் புதையற் சட்டமும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட தனிப்பொருளில் நூற்றுக்குப் பத்துப் பங்காவது விலையுயர் உலோகம் இருத்தல் வேண்டும் என்றது. தனியே கிடைத்த சிறப்புமிக்க வேற்றுலோகப் பொருள்களையும் உள்ளடக்கும் வகையில் வரைவிலக்கணம் 2023இலேயே விரிந்தது. கண்டெடுப்பவர் தாமாக அறிவிக்கும் பொருள்களைப் பதிவு செய்யும் திட்டம் 1997இல் தொடங்கிப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பொருள்களைப் பதிந்துள்ளது. அவற்றுள் இரும்புப் பொருள்கள் மிகச் சொற்பம். அந்நாட்டு மக்கள் இரும்பைப் பயன்படுத்தவில்லை என்று இதிலிருந்து எவரும் முடிவுகட்டமாட்டார் என நம்பலாம். ஆனால் வேறு காலங்களில் இதைவிட நுட்பமான பிழைகள் புள்ளிவிபரமாக உருவெடுத்துள்ளன.

1980இல் தொல்லியலாளர், 'எங்கள் கடந்த காலத்தைப் பறிப்பதை நிறுத்துங்கள்' எனப் பொருள்படும் இயக்கமொன்றைக் கருவியாளருக்கெதிராகத் தொடக்கினர். சூறையாடல் உண்மையே, சறே மாநிலத்து வான்பரோ உரோமக் கோயில் எண்பதுகளின் நடுவிற் பட்டபாடு அதற்குச் சான்று. ஆயினும் கருவியாளர் பலர் தொழிலாளராயிருக்க, 'எங்கள்' என்ற சொல்லில் அவர்கள் அடங்கினார்களா என்ற வினா அப்பொழுதே எழுந்திருத்தல் வேண்டும். அறிவுடைமை பேசியோர் பலர் கருவியை வெறுத்தனரேயன்றிக் குமிழை ஆராயவில்லை.

ஆராய்ந்தோர் வேறிடத்தில் இருந்தனர். மொன்டானாவிலுள்ள லிற்றில் பிக்ஹோர்ன் ஆற்றங்கரையில் 1876 யூன் 25ஆம் திகதி, லக்கோட்டா, செயென், அரப்பாகோ மக்கள் லெப்டினன்ற் கேணல் கஸ்ரரையும் அவரோடிருந்த ஏறத்தாழ 210 பேரையும் முறியடித்துக் கொன்றனர். குன்றின்மேல் இறுதிவரை நின்று போராடிய வீரர் என்னும் படிமத்தை ஆளும் பண்பாடு உடனே வார்த்தெடுத்தது. மதுபான நிறுவனமொன்று 1896 முதல் அதனை ஓவிய அச்சாக மதுச்சாலைகள்தோறும் பரப்பியது. இறந்தோரிலும் பாகுபாடு இருந்தது. அதிகாரிகளின் எச்சங்கள் 1877இல் தோண்டியெடுக்கப்பட்டு உரிய மரியாதையோடு வேறிடங்களில் அடக்கஞ் செய்யப்பட்டன. கஸ்ரர் வெஸ்ற் பொயின்ற் போர்க்கல்லூரியிற் கிடக்கின்றார். அயர்லாந்திலும் ஜேர்மனியிலுமிருந்து வறுமையால் வந்து கூலிக்குப் போரிட்டோர் பலரை உள்ளிட்ட சாதாரண வீரர்கள் 1881இல் ஒரே குழியில் இடப்பட்டனர். வென்றவர்களின் சாட்சியமோ நூறாண்டு காலம் நம்பத்தகாததென ஒதுக்கப்பட்டது.

1983 ஓகஸ்ற் மாதம் காட்டுத்தீ அப்புல்வெளியை எரித்தது. 1984, 1985ஆம் ஆண்டுகளில் டக்ளஸ் ஸ்கொட், றிச்சட் பொக்ஸ் ஆகியோரின் தலைமையில் பொழுதுபோக்குக் கருவியாளர்கள் தொண்டர்களாக வரிசையில் நடந்தனர். ஒலி எழுந்த இடந்தோறும் சிறு கொடி நாட்டினர். ஒவ்வொரு பொருளும் கிடந்த இடமும் கிடந்த திசையும் அளந்து பதியப்பட்டன. வெற்றுத் தோட்டாக் கோதுகளிற் சுடுமுள் விட்ட தழும்பைக் குற்றவியல் முறையில் ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி களத்தில் எங்கெங்கு நகர்ந்தது என்பதைக் கண்டனர். பூர்வகுடிகளிடம் மீள்வேகத் துப்பாக்கிகள் ஏராளமாக இருந்தமையும், படையின் ஒழுங்கு குலைந்து சிதறியமையும் புலனாயின. இறுதி நிலைப்பாடு என்ற காவியத்துக்குச் சான்றில்லை என்று பொக்ஸ் 1993இல் எழுதினார். செயென், லக்கோட்டா முதியோர் முன்னமே சொன்னதும் பெரும்பாலும் அதுவே.

செம்பாலும் பித்தளையாலும் ஆன கோதுகளைப் பாகுபாட்டு நிலையிலுங் கண்டிருக்கலாம் என வாதிடலாம், அது சரியே. ஆனால் வணிகர்வழி கிடைத்த இரும்புத் தகட்டில் வெட்டிய அம்புமுனை, சப்பாத்தாணி, இலாடவாணி ஆகியவை குமிழைச் சற்றே உயர்த்தினாலும் முதலில் மௌனமாபவை. கூலி வீரன் எங்கு நடந்தான், பூர்வகுடி எங்கிருந்து எய்தான் என்பன அவற்றிலேயே எழுதப்பட்டுள்ளன. இரும்பையும் ஏற்கும் நிலையில் வைத்துத் தேடுவது போர்க்களத் தொல்லியலில் நிலைபெற்றது இக்காரணத்தாலேயே.

இதன் உச்சப் பயனை ஸ்பெயினிற் காணலாம். கி.மு. 208இல் உரோமத் தளபதி சிப்பியோ கார்த்தேஜியரை வென்ற பைக்குலாக் களத்தை ஹயேன் பல்கலைக்கழகத்தார் 2002 முதல் ஆராய்ந்தனர். உரோம வீரனின் மிதியடியிலிருந்து கழன்று விழுந்த சின்னஞ்சிறு இரும்பாணிகளின் பரம்பலைக்கொண்டு படை நடந்த வழியையே அவர்கள் வரைந்தனர். தளபதியின் பெயரை நூல்கள் காத்து வந்தன. காலாள் நடந்த தடத்தைக் காத்தது, சந்தையில் ஒரு சதமும் பெறாத ஆணி.

நம் நாட்டிற் குமிழின் இருவகைப் பயன்பாட்டையும் அருகருகே காணலாம். புதையல் தோண்டுவோர் கைகளில் இக்கருவி அகப்பட்டுத் தொல்லிடங்கள் சிதைவது நாளாந்தச் செய்தி. மறுபுறம் வன்னியிலும் முகமாலையிலும் போருக்குப் பின் கண்ணிவெடி அகற்றும் பணியில் ஈடுபட்டோருட் கணவரை இழந்த பெண்கள் பலர். அங்கு புதைக்கப்பட்ட 'பீ-4' வகை மிதிவெடியில் உள்ள உலோகம் மிகச் சொற்பம். குமிழை உயர்த்தினால் முதலில் மௌனமாவது அதுவே. ஆகவே கருவி எதையும் ஒதுக்காத நிலையில் வைக்கப்படுகின்றது. எறிகணைச் சிதறலும் தோட்டாக் கோதும் ஆணியும் நிறைந்த அம்மண்ணில் ஒலிக்கு மேல் ஒலி எழுகின்றது. ஒவ்வொன்றும் வெடியெனவே கொள்ளப்பட்டு, முழந்தாளிட்டு, பக்கவாட்டிலிருந்து மண் சிறிது சிறிதாக அகற்றப்படுகின்றது. பெரும்பாலும் கிடைப்பது ஒரு துருப்பிடித்த துண்டு. அதை வாளியிலிட்டு அடுத்த ஒலிக்கு நகர்கின்றனர்.