நாய்க்கு இடம் கொடுத்த நகரம்

1862இல் சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் நாய் பிடிப்பவர் ஒரு தெருநாயைப் பிடித்து அடைத்தார். ஊரே லாசரஸ் என்று பெயர் சொல்லி அழைத்த நாய் அது. லாசரஸும் அதன் கூட்டாளி பம்மரும் மாண்ட்கோமரி தெருவின் மதுக்கடைகளைச் சுற்றி வாழ்ந்தவை. தங்க வேட்டைக் காலத்தில் கப்பல்களோடு வந்திறங்கிப் பெருகிய எலிகளைக் கொல்வதில் இரண்டும் பேர்போனவை. உள்ளூர்ப் பத்திரிகைகள் அவை போவதையும் வருவதையும்கூடச் செய்தியாக்கின. லாசரஸ் பிடிபட்டதும் மக்கள் திரண்டு வந்து அதை விடச் சொன்னார்கள். நகர மன்றமும் இறங்கிவந்து, இந்த இரண்டு நாய்களுக்கு மட்டும் தெருநாய்ச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தது. 1865இல் பம்மர் இறந்தபோது மார்க் ட்வைன் அதற்கு இரங்கல் எழுதினார். ஆனால் பேர் தெரிந்த இரண்டு நாய்கள் பிழைத்த அதே ஊரில், பேர் தெரியாத மற்ற நாய்களின் கதி கொஞ்சமும் மாறவில்லை. அன்றும் அந்த ஊர்க்காரர்களிடம் இரக்கத்துக்குக் குறைவில்லை. அந்த இரக்கம் எல்லா நாய்க்கும் எட்டும்படியான ஏற்பாடுதான் இல்லை. அடுத்த ஒன்றரை நூற்றாண்டில் அந்த வட்டாரத்தில் நடந்தவற்றைப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: காப்பகத்து நாய்க்கு வீடு கிடைக்க மக்களின் மனம் இளகினால் மட்டும் போதாது, நாயோடு வாழ்வதை ஊர் எளிதாக்கித் தரவும் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்க நகரங்களில் ஆளில்லாத நாய்க்கு இருந்த ஒரே இடம் பவுண்டு. சில நாள் அடைத்துவைப்பார்கள், உரியவர் பணம் கட்டி மீட்காவிட்டால் கொன்றுவிடுவார்கள். 1877 கோடையில் நியூயார்க்கில், இரும்புக் கூண்டில் நாய்களை அடைத்து ஆற்றில் இறக்கி, ஒரே நாளில் 700க்கும் மேற்பட்ட நாய்களை மூழ்கடித்தார்கள். வெறிநாய்க்கடிக்கு மருந்தே இல்லாத காலம் அது. பாஸ்டரின் தடுப்பூசி 1885இல்தான் முதன்முதலாக மனிதருக்குப் போடப்பட்டது. ஆகவே மக்களின் அச்சத்தைக் கொடூரம் என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தச் சூழலில்தான் பிராணி வதைத் தடுப்புச் சங்கங்கள் தோன்றின. சான் பிரான்சிஸ்கோ சங்கம் 1868இல் தொடங்கியது. அடங்காத பன்றி ஒன்றைத் தெருவில் இழுத்துச் சென்ற கொடுமையைக் கண்டு பொறுக்க முடியாத ஜேம்ஸ் ஸ்லோன் ஹட்சிங்ஸ் அதை நிறுவினார். 1905இல் நகரத்தின் பவுண்டை நடத்தும் பொறுப்பும் அந்தச் சங்கத்திடமே வந்தது. நகரம் எப்படியும் கொல்லத்தான் போகிறது, அதை வலி குறைவாகச் செய்ய நாமே பொறுப்பேற்போம் என்ற எண்ணம் அக்காலச் சங்கங்கள் பலவற்றிலும் இருந்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் அதன் விளைவாக, விலங்குகளைக் காக்கப் பிறந்த சங்கமே பல பத்தாண்டுகள் நகரத்தின் கொல்லும் குத்தகைக்காரராக இருக்க நேர்ந்தது.

இந்த முடிச்சு அவிழத் தொடங்கியது 1970களில். காப்பகங்கள் நிரம்பியதற்குக் காரணம் மக்கள் நாய் வாங்க மறுத்தது அல்ல. வாங்குவோரைவிடக் குட்டிகள் பெருகியதுதான். அதனால் முதல் மருந்து கருத்தடை அறுவை சிகிச்சை. 1971இல் லாஸ் ஏஞ்சலஸ் மாநகராட்சி குறைந்த கட்டணக் கருத்தடை மருத்துவமனையைத் திறந்தது. அமெரிக்காவில் ஒரு மாநகராட்சி அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. 1976இல் சான் பிரான்சிஸ்கோ சங்கத்தின் தலைமைக்கு வந்த ரிச்சர்ட் அவான்சினோ, காற்றை உறிஞ்சி வெளியேற்றி விலங்குகளைக் கொல்லும் அறையை மூடினார்; மலிவான கருத்தடையை விரிவாக்கினார். 1980இல் ஒரு வழக்கு சங்கத்தை நாடறியச் செய்தது. தனக்குப் பிறகு தன் நாயைச் சரியாகப் பார்த்துக்கொள்ள யாரும் இருக்க மாட்டார்கள் என்று அஞ்சிய ஒரு மூதாட்டி, தான் இறந்ததும் சிடோ என்ற அந்த நாயைக் கொன்றுவிட வேண்டும் என உயில் எழுதியிருந்தார். நாயை ஒப்படைக்கச் சங்கம் மறுத்தது. நீதிமன்றம் சிடோவின் பக்கம் நின்றது. மாநிலச் சட்டமன்றமும் அதன் உயிரைக் காக்கத் தனிச் சட்டமே இயற்றியது. உரிமையாளரின் விருப்பத்துக்கு அப்பாலும் ஒரு நாயின் உயிருக்கு மதிப்புண்டு என்பது அன்று பொதுப் பேச்சானது.

எனினும் சிடோவும் பேர் தெரிந்த நாய்தான். பேர் தெரியாதவற்றுக்கு வழி பிறந்தது அதற்குப் பின் நடந்த, பத்திரிகைத் தலைப்புக்கு உதவாத நிர்வாக வேலைகளால். நாய் பிடிக்கும் குத்தகையை இனி ஏற்பதில்லை என்று 1984இல் சங்கம் அறிவித்தது. அதற்கென நகரமே அமைத்த துறை 1989இல் பொறுப்பேற்றது. 1994 ஏப்ரலில் இரண்டுக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. நகரக் காப்பகத்தில் யாரும் எடுத்துக்கொள்ளாத, தத்துக் கொடுக்கத் தகுந்த நாயும் பூனையும் எதுவானாலும் சங்கம் அதை ஏற்று வீடு தேடித் தரும் என்பதே அதன் சாரம். 1998இல் சங்கம் கட்டிய புதிய தத்து மையத்தில் கம்பிக் கூண்டுகள் இல்லை. சிறு சிறு அறைகள், அவற்றில் சோபா, நாற்காலி, தொலைக்காட்சி என்று ஒரு வீட்டின் கூடத்தைப் போலவே அமைத்திருந்தார்கள். ஆடம்பரம் என்று அதைப் பலர் குறை சொன்னார்கள். அதன் பயன் வேறு. பவுண்டின் குரைப்பும் நாற்றமும் தாங்காமல் உள்ளே வரவே அஞ்சியவர்கள் இப்போது உட்கார்ந்து, ஒரு நாயைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, வீட்டுக்கு அழைத்துப்போகலாமா என்று நிதானமாக யோசிக்க முடிந்தது. மனிதர் வாழும் அறைக்குப் பழகிய நாயும் புது வீட்டில் மிரளுவது குறைந்தது.

தத்தெடுத்த நாயை வைத்துக்கொள்வது அடுத்த சிக்கல். 1990களில் அமெரிக்கக் காப்பகங்களில் நடத்திய ஆய்வுகளில், நாயைத் திருப்பி ஒப்படைத்தவர்கள் சொன்ன முதன்மைக் காரணங்களில் வீடு மாறுவதும் வீட்டுச் சொந்தக்காரர் சம்மதிக்காததும் இருந்தன. நாயின் நடத்தை பற்றிய புகார்களும் இருந்தன. வாடகைக்கு விடுவோரிடம் நாய் வளர்ப்பவர்களை ஏற்கச் சொல்லிச் சான் பிரான்சிஸ்கோ சங்கம் அந்தப் பத்தாண்டிலேயே ஒரு தனித் திட்டம் நடத்தியது. இதே வட்டாரத்தின் இன்னொரு பங்களிப்பு நாய்ப் பூங்கா. சுரங்க ரயில் பாதைக்காக வீடுகளை இடித்துப் பள்ளம் தோண்டி மூடிய வெற்று நிலம் ஒன்று பெர்க்லியில் கிடந்தது; அதைப் பூங்காவாக்க மக்கள் போராடி வென்றார்கள். அங்கேதான் 1979இல் ஓலோனி நாய்ப் பூங்கா பிறந்தது. அமெரிக்காவின் முதல் நாய்ப் பூங்காவாகப் பலரும் சொல்வது இதைத்தான். பின்னால் வந்த பூங்காக்களின் அமைப்பு எளிது: சுற்றிலும் வேலி, நாய் வெளியே பாய்ந்துவிடாதபடி அடுத்தடுத்து இரண்டு கதவுகள், தண்ணீர்க் குழாய், கழிவை அள்ளப் பைகள். உள்ளே வந்ததும் கழுத்து வார் கழல்கிறது, நாய் ஓடுகிறது. தோட்டமில்லாத அடுக்ககத்தில் வாழ்பவரும் நாய் வளர்க்கலாம் என்ற துணிவை இந்த வேலிக்குள் இருக்கும் சிறு நிலம் தருகிறது. காப்பகத்துக்கு நாய் திரும்பி வருவதைத் தடுக்கும் வேலையில் இதற்கும் பங்குண்டு.

இந்த வரலாற்றைப் புகழ்ந்து மட்டும் எழுதுவது நேர்மையாகாது. முதல் ஆட்சேபம், 1994 ஒப்பந்தத்தின் சொற்களைப் பற்றியது. தத்துக்குத் தகுந்தது, தகாதது என்று பிரித்தால், தகாதது என்ற பட்டியலில் போட்டுக் கொன்றுவிட்டு வெற்றி என்று சொல்லிக்கொள்ளலாமே என்று மற்ற விலங்கு நலச் சங்கங்கள் அன்றே கேட்டன. நியாயமான கேள்வி. சங்கம் விரும்பியதை வாங்கிக்கொள்ளும், நகரக் காப்பகம் எஞ்சியதைச் சுமக்கும் என்ற கவலையும் நியாயமே. ஆனால் பழைய முறையில் இந்தப் பட்டியல்கூடக் கிடையாது. ஒரு நாய் ஏன் கொல்லப்பட்டது என்று கேட்க வழியே இல்லை. வகை பிரித்து எழுதத் தொடங்கியதும்தான் ஒவ்வொரு சாவுக்கும் காரணம் சொல்லும் கடமை வந்தது. இரண்டாவது ஆட்சேபம், இது பணக்கார ஊரின் கதை என்பது. தொலைக்காட்சி வைத்த அறைகளைப் பொறுத்தவரை அது சரி. கருத்தடைக்கு அது பொருந்தாது. நாடெங்கும் ஏழை ஊர்களும் அதைச் செய்தன. 1970களில் அமெரிக்கக் காப்பகங்களில் ஆண்டுக்கு 1.2 கோடி முதல் 2 கோடி விலங்குகள் வரை கொல்லப்பட்டதாகக் கணிப்புகள் உண்டு. 2019இல் அது சுமார் 9.2 லட்சம் என்று அமெரிக்கப் பிராணி வதைத் தடுப்புச் சங்கம் மதிப்பிட்டது. சில செல்வந்த நகரங்களின் நன்கொடையால் மட்டும் இவ்வளவு பெரிய சரிவு வந்திருக்காது.

மூன்றாவது ஆட்சேபம் பொது நிலத்தைப் பற்றியது. நாய்க்கு நிலம் ஒதுக்கினால் அது யாரிடமிருந்து எடுக்கப்படுகிறது? சான் பிரான்சிஸ்கோவின் கடலோரத்தில் கோல்டன் கேட் தேசியப் பொழுதுபோக்குப் பகுதி 1972இல் அமைந்தது. அதன் சில பகுதிகளில் நாய்களை வார் இல்லாமல் விட 1979இல் வகுத்த கொள்கை இடமளித்தது. ஆனால் அந்த மணலில் குளிர்காலம் கழிக்கும் சின்னஞ்சிறு உப்புக்கொத்தி இனம் ஒன்று 1993இல் அழிவை எதிர்நோக்கும் இனமாகப் பட்டியலிடப்பட்டது. ஓடும் நாயைக் கண்டு அந்தப் பறவைகள் ஓயாமல் எழுந்து பறந்தால், சேமித்துவைக்க வேண்டிய சக்தி வீணாகிறது. நாய் வளர்ப்பவர்களும் பறவை ஆர்வலர்களும் பூங்கா நிர்வாகமும் ஆண்டுக்கணக்கில் மோதிக்கொண்டார்கள். இதில் பறவையின் பக்கம் உள்ள நியாயம் மறுக்க முடியாதது. ஆனால் இதிலிருந்து பிறக்க வேண்டிய முடிவு, நாய்க்கு நிலமே கூடாது என்பதல்ல. ஒதுக்கிய, வேலியிட்ட இடம் ஊருக்குள் போதுமான அளவு இருந்தால், பறவை ஒதுங்கும் மணலுக்கு நாயை அழைத்துப் போகும் தேவை குறையும். வேலிக்குள் அடங்கும் நாய்ப் பூங்கா பறவைக்கும் குழந்தைக்கும் கூடப் பாதுகாப்புதான்.

இவையெல்லாம் நமக்கு எப்படிப் பொருந்தும் என்று தமிழ் வாசகர் கேட்கலாம். நம் ஊரில் பெரும்பாலான தெருநாய்கள் தெருவிலேயே, யாரோ போடும் சோற்றை நம்பி வாழ்கின்றன. கடியும் வெறிநோய் அச்சமும் உண்மையானவை. ஆனால் இந்த வரலாற்றில் நமக்கு முந்திய பங்குண்டு. 1959இல் சென்னையில் தோன்றிய இந்திய ப்ளூ கிராஸ், நாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யலாம் என்று 1964லேயே சென்னை மாநகராட்சிக்கு யோசனை சொன்னது. லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவமனை திறப்பதற்கு ஏழு ஆண்டு முன்பு அது. மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது 1996இல்தான். நாடு முழுவதுக்குமான விதிகள் 2001இல் வந்தன. யோசனை பிறந்த ஊரிலேயே அது நடைமுறையாக 32 ஆண்டுகள் ஆயின. கருத்தடையும் தடுப்பூசியும் விடாமல் நடந்தால்தான் கடியும் நோயும் குறையும். அவற்றோடு நாட்டு நாய்க்குட்டியை வீட்டில் ஏற்பதும் சேர வேண்டும். தெருவில் பிறந்த குட்டியை எடுத்து வளர்க்க விரும்புவோர் இங்கும் பலர்; வாடகை வீட்டில் நாய் கூடாது என்ற ஒரே பதில் அவர்களைத் தடுத்துவிடுகிறது.

கலிபோர்னியாவில் செல்லப்பிராணிக் கடைகள் காப்பகங்களிலிருந்தும் மீட்புக் குழுக்களிலிருந்தும் வரும் நாய், பூனை, முயல்களை மட்டுமே விற்கலாம் என்ற சட்டம் 2019இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு மாநிலம் முழுவதற்கும் அமெரிக்காவில் இப்படிச் சட்டம் வந்தது அதுவே முதல் முறை. கருத்தடை, காப்பகச் சீர்திருத்தம், வாடகை வீட்டுப் பேச்சு, வேலியிட்ட பூங்கா, கடைக்குச் சட்டம் என்று ஒவ்வொன்றும் தனித்தனியே சிறியது. சேர்த்துப் பார்த்தால், ஒரு நாய் பிறப்பதிலிருந்து வீடு அடைந்து அங்கேயே தங்குவது வரையிலான வழி முழுவதையும் அவை செப்பனிட்டிருக்கின்றன. காப்பகத்திலிருந்து நாயை எடுங்கள் என்று தனிமனிதரிடம் கேட்பது சரியான வேண்டுகோள். அதைக் கேட்கும் நகரம், எடுத்தவர் அந்த நாயைக் கைவிடாமல் வளர்க்கத் தேவையானதைச் செய்து தரவும் கடமைப்பட்டிருக்கிறது.