கடைசற்பொறியும் கம்மியர் கரமும்

கைத்தொழிற் புரட்சியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நீராவி எஞ்சினிலிருந்தே தொடங்குவர். சிறியதோர் உலோகத் துண்டை அசையாது பிடித்து, வேண்டிய அளவுக்கு வெட்ட மனிதர் எவ்வாறு கற்றனர் என்ற வினா அவர்களுக்கு அற்பமாகத் தோன்றியிருக்கலாம். நாம் அவ்வாறு கருதவில்லை.

1784 இல் யோசப் பிராமா இலண்டனில் ஒரு பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் உருளையினுள் மெல்லிய தகடுகள் பல வழுக்கி நகரும். ஒவ்வொன்றும் தனக்குரிய ஆழத்துக்கு அழுத்தப்பட்டாலன்றிப் பூட்டுத் திறவாது. கையால் அராவிச் செய்தபோது, தேர்ந்த கம்மியருக்கும் அது பெருஞ்செலவு பிடித்த வேலையாயிற்று.

1789 இல் அப்பட்டறையிற் சேர்ந்த ஹென்றி மோட்ஸ்லிக்கு வயது 18. வூல்விச் ஆயுதசாலையில் 12 வயதிலேயே வெடிமருந்து நிரப்பும் வேலைக்குச் சென்று, பின் கொல்லுலையில் தொழில் பயின்றவர் அவர். பூட்டின் பாகங்களை ஆக்குவதற்கென அப்பட்டறையில் உருவான சாதனங்களுள் பள்ளம் அறுக்கும் பொறி, சுருள்வில் சுற்றும் பொறி, துண்டை நொடியில் இறுக்கி விடுவிக்கும் பிடி என்பன அடங்கும். இப்பிடியே எமது கவனத்துக்குரியது. துண்டு ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அமருமாயின், ஒவ்வொன்றையும் புதிதாய் அளந்து குறியிட வேண்டியதில்லை. கம்மியனின் கண்ணில் இருந்த அளவு பொறிக்குப் பெயர்கிறது.

கடைசலிலும் இதுவே நிகழ்ந்தது. உளியைக் கையால் அழுத்திப் பிடித்தால் உலோகம் உதைக்கும், கை களைக்கும், அளவு பிறழும். உளியை இரும்புத் தாங்கியில் இறுக்கித் திருகாணியால் நகர்த்தும் ஏற்பாட்டை மோட்ஸ்லி செம்மைப்படுத்தினார். அதனை அவரே கண்டுபிடித்தார் என்பது மிகைக்கூற்று; பிரான்சில் வோக்கன்சனின் பொறியில் அது முன்னரே இருந்தது. தனியொரு கருவியின் இடத்தையன்றி மனிதக் கரத்தின் இடத்தையே இத்தாங்கி எடுத்துக்கொண்டதை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற் பாகத்தில் நுணுகி நோக்கியுள்ளார்.

1797 இல் மோட்ஸ்லி பெற்ற வாரக்கூலி 30 சிலிங். கூட்டிக் கேட்டார், மறுக்கப்பட்டது, விலகித் தனிப்பட்டறை தொடங்கினார். பூட்டோ பிராமாவின் பெயரிலேயே இன்றும் வழங்குகிறது.

அடுத்த கட்டத்தில் மோட்ஸ்லியே முதலாளி. மார்க் புறூனலின் திட்டப்படி போட்ஸ்மத் கடற்படைத் தளத்துக்குக் கப்பற் கப்பிகள் செய்யும் பொறிகளை அவர் ஆக்கிக் கொடுத்தார். 1808 அளவில் ஆண்டுக்கு 130,000 கப்பிகள் அங்கு உற்பத்தியாயின. 110 தேர்ந்த தொழிலாளரின் வேலையைப் பயிற்சியற்ற 10 பேர் செய்தனர் என்பது பொறியியல் நூல்கள் பெருமையோடு தரும் கணக்கு. எஞ்சிய நூறு பேரைப் பற்றி அந்நூல்கள் அதிகம் பேசுவதில்லை.

அவர்களது குரல் பின்னர் தொழிற்சங்கத்தின் வழியாகக் கேட்டது. 1852 இல் இலண்டனிலும் லங்காஷயரிலும் பொறித்தொழில் முதலாளிகள் பட்டறைகளை மூடித் தொழிலாளரை வெளியே நிறுத்தினர். மிகைநேர வேலை, துண்டுக் கூலி என்பவற்றோடு, பொறிகளிற் பயிற்சியற்றோரை அமர்த்துவதும் அப்பிணக்கின் பின்னணியில் இருந்தது. சில மாதங்களின் பின் தோற்றுத் திரும்பியோர் பலர், சங்கத்தைக் கைவிடுவதாகக் கையொப்பமிட்ட பின்னரே மீண்டும் பட்டறைக்குள் அனுமதிக்கப்பட்டனர்.